ஊர் தேடிப் போகிறவர்களின் பாட்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் அப்பாயி சென்ற ஆண்டு காலமானார். பூர்வீகம் பற்றிக் கேட்டால் "துறையூருக்குப் பக்கம்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால், இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது மட்டும் ஓர் ஏரிக்கரையையும் அங்கிருக்கும் கருப்பரையும் பெயர் சொல்லி அழைப்பார். வருகிற மாசியில் நானும் தம்பியும் அந்தப் பக்கம் போக இருக்கிறோம். அப்பாயியின் பாட்டை அறிந்தவர்கள் அங்கே இருப்பார்களா? – வாசகி, பொகவந்தலாவை, இலங்கை மலையகம்.

பதில்: சகோதரி, உங்களிடம் இருப்பது ஊர்ப் பெயரைவிட உறுதியான தடயம் என்றே நான் நினைக்கிறேன். நம் தேயிலைத் தோட்டத்துப் பதிவேடுகளில் ஊர்ப் பெயர்கள் எழுதியவரின் காதில் விழுந்தபடியெல்லாம் சிதைந்து கிடக்கின்றன. குலசாமியின் பெயரையோ, ஒப்பாரி வைக்கிறவர் மாற்றிச் சொல்வதில்லை. ஆகையால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பாக அத்தைமாரையும் பெரியம்மாவையும் ஓரிடத்தில் உட்காரவைத்து, அப்பாயியின் ஒப்பாரியை நினைவிலிருக்கும் வரைக்கும் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒருவர் விட்ட அடியை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார்.

அடுத்தது டிரங்குப் பெட்டி. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இந்திய வம்சாவளியினரான நம்மவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று கணக்குப் போட்டுப் பிரித்தார்கள் அல்லவா? அந்தக் காலத்தில் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் கடைசியில் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் ஏராளம். அப்படிப்பட்ட வீடுகளில் ஊர், தாலுகா, ஜில்லா எழுதிய பழுப்பேறிய தாள்கள் இன்னமும் கிடக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் "இன்னாரின் வீடு எது?" என்று ஆரம்பிக்காதீர்கள். நான்கு தலைமுறைக்கு முன், தோட்ட வேலைக்கு ஆள் திரட்டிய கங்காணியின் பின்னால் கிளம்பிப் போனவரின் பெயர் யாருக்கு நினைவிருக்கும்? "இந்தக் கருப்பரைக் குலசாமியாகக் கும்பிடும் குடிபாட்டுக்காரர்கள் யார், பங்காளிகள் யார்?" என்று கேளுங்கள். காணி கேட்டு வரவில்லை என்பதையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். கண்டிச் சீமையிலிருந்து, அதாவது நம் மலையகத்திலிருந்து, ஆள் வந்திருக்கிறது என்றதும் சில வீடுகளில் எழுகிற முதல் அச்சம் பங்கு பிரிப்பதைப் பற்றியதுதான். அந்த அச்சம் நீங்காதவரை உறவு முறை வாயில் வராது.

இதை நான் பட்டே அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை முசிறிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். இரண்டு நாள் அலைந்தும் உறவென்று எவரும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருந்த மூதாட்டியிடம் அம்மா தண்ணீர் வாங்கிக் குடித்தார்; குடித்துவிட்டு என்ன தோன்றியதோ, எங்கள் அம்மாயி வைக்கும் ஒப்பாரியைத் தாழ்ந்த குரலில் எடுத்தார். நான்காவது அடியில் அந்த மூதாட்டியும் சேர்ந்துகொண்டார். இராகம் ஒன்றேதான், இழுத்து நிறுத்தும் இடமும் ஒன்றேதான். ஆனால், அம்மா பனி மூடிய மலை என்று முடித்த இடத்தை அவர் காவேரி மணல் என்று முடித்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அம்மாவின் வலக்கையை இழுத்து, கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்துப்போன விரல் நுனிகளைத் தன் முந்தானையால் மெல்லத் துடைத்துப் பார்த்தார். அது அழுக்கு என்று நினைத்துவிட்டார் போலும். துடைத்தும் போகாததைக் கண்டபோதுதான் அவருக்குக் கண் கலங்கியது.

ஆகவே, அப்பாயியின் பாட்டு அச்சு அசலாக அங்கே கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். கிடைத்தால் பாதி கிடைக்கும். நம்மவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்து, வழியில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் எத்தனையோ பேரைப் பறிகொடுத்துத்தான் இந்த மலையை அடைந்தார்கள். அந்த நடையும், தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆள்கட்டியவர்கள் சொன்ன பொய்யும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களமும் பாட்டுக்குள் புகுந்த பிறகு, அது இந்த மலையின் பாட்டாகிவிட்டது. அதே போல், கண்டிக்குப் போனவனை எண்ணி அங்கே தங்கிவிட்டவர்கள் பாடியதும் உண்டு. கண்டியின் பெயர் வரும் பாட்டு யாருக்காவது தெரியுமா என்று அந்த ஊர்க் கிழவிகளிடம் கேட்க மறக்காதீர்கள். நாம் இங்கிருந்து ஊரை நினைத்து அழுத காலத்தில் ஊர் நம்மை நினைத்து என்ன பாடியது என்பதைக் கேட்பது, என்னைப் பொறுத்தவரை, சாமி கும்பிடுவதற்குச் சமம்.

மாசியில் போவதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பொன்னர் சங்கர் கூத்து ஆடிப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதையின் மண் மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூர். பெரியகாண்டியம்மன் கோயில் திருவிழா மாசியில்தான் வருகிறது. இங்கே லயத்து வரிசை வீடுகளின் முற்றத்தில், போரில் மாண்டவர்களாகப் படுகளம் விழுந்தவர்களைப் பார்த்த கண்ணோடு அங்கே போய் நில்லுங்கள்.

கேள்வி: என் தாத்தா எங்கள் தோட்டத்தில் பெரட்டுத் தப்பு அடித்தவர். என் தந்தை அதை வெளியில் சொல்ல ஒருநாளும் விரும்பியதில்லை. புதுக்கோட்டைப் பக்கம் பூர்வீக ஊருக்குப் போகும்போது தாத்தாவின் தொழிலைச் சொல்லலாமா, மறைப்பதா? – வாசகர், லுணுகலை.

பதில்: தம்பி, சொல்லுங்கள். விடியாத இருட்டில், பனியில், ஒரு தோட்டம் முழுவதையும் எழுப்பியவர் உங்கள் தாத்தா. கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கு வேறோர் அடி என்று அத்தனையையும் ஏடு எழுத்து இல்லாமல் கைக்குள் வைத்திருந்தவர். அந்தக் கையைத் தாழ்வாக எண்ண வைத்தது சாதி. தோலின் ஓசையில் தாழ்வு எதுவும் இல்லை. உங்கள் தந்தையின் மௌனத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தச் சொல்லால் அவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை நம்மால் ஊகிக்க முடியும்.

இன்று தமிழ்நாட்டில் இந்தத் தப்பு, பறை என்ற பெயரில், மானத்தின் அடையாளமாக மேடையேறுகிறது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறை கட்டி ஆடுகிறார்கள். ஆனாலும், உங்களிடம் எதையும் மூடிச் சொல்ல எனக்கு மனம் இல்லை: சில ஊர்களில் "எந்தத் தெரு?" என்ற கேள்வி தண்ணீர்ச் செம்புக்கு முன்பே வரும். பதிலைக் கேட்டதும் முகம் மாறுகிற வீடும் இருக்கும், ஓடிவந்து கட்டிக்கொள்கிற வீடும் இருக்கும். எந்த வீட்டில் உட்காருவது என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

தாத்தாவின் குச்சிகள் வீட்டில் இருந்தால் அவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வலக்கையின் குட்டையான அடிக்குச்சியையும் இடக்கையின் மெல்லிய, நீண்ட சிண்டுக்குச்சியையும் பார்த்த மாத்திரத்தில், அங்கே தப்பு அடிக்கிற மனிதர் உங்களை யாரென்று விளங்கிக்கொள்வார். இந்த மலையின் ஈரத்தில் தோல் தொய்ந்து தொய்ந்து போவதால், ஆட்டத்துக்கு நடுவிலும் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சுவதை அவரிடம் சொல்லுங்கள். அங்குள்ள வெயிலில் அவருக்கு அந்தப் பாடு அவ்வளவாக இருக்காது, வியந்து கேட்பார்.

கேள்வி: 1970களில் மஸ்கெலியாவிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தபோது எனக்கு ஏழு வயது. சாவதற்குள் நான் பிறந்த தோட்டத்தில் ஒரு காமன் கூத்தைப் பார்த்துவிட வேண்டும். எப்போது வரலாம்? – வாசகர், கோத்தகிரி.

பதில்: ஐயா, உங்களை ஏற்றிச் சென்ற தலைமன்னார் இரயிலுக்கு இங்குள்ளவர்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. ஸ்டேஷனில் நின்று ஒப்பாரி வைத்தவர்கள் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பி வந்ததைச் சொல்ல இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்குப் பூர்வீகம் இந்தத் தேயிலை மலைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து இரவுதோறும் தப்பும் பாட்டும் நடக்கும்; பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்பார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் நாள் சற்று முன்பின்னாக இருக்கும். எல்லாத் தோட்டங்களிலும் இப்போது கூத்து வைப்பதும் இல்லை. ஆகையால், வருவதற்கு ஒரு மாதம் முன்பே தோட்டத்துக் கோயில் கமிட்டியோடு பேசிக்கொள்ளுங்கள். பலர் ரதி அழும் அந்த எரிப்பு இரவோடு கிளம்பிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் காமனை உயிர்ப்பிக்கும் சடங்கும் இருக்கிறது. அதுவரை தங்கும்படி விசா எடுத்துக்கொண்டு வாருங்கள்.