குளிர்காலக் காலையில் கிளம்ப அடம்பிடிக்கும் வண்டி: கேள்வி-பதில்

குளிர் ஆரம்பித்துவிட்டது, பைக் கிளம்பவில்லை என்ற கடிதங்களும் ஆரம்பித்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சோக் போட்டும் பத்துப் பதினைந்து உதை வாங்கிக்கொண்டுதான் கிளம்புகிறது. சோக்கோடு ஆக்சிலேட்டரையும் நன்றாக முறுக்கிப் பார்த்துவிட்டேன். பலனில்லை.

முறுக்குவதால்தான் பலனில்லை. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதை ஈடுகட்டக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோலை இழுத்துக் கொடுப்பதுதான் சோக்கின் வேலை. ஆக்சிலேட்டரைத் திறந்தால் அந்த இழுவை செத்துப்போகும். சோக்கை முழுதாகப் போடுங்கள், சாவி போடாமல் இரண்டு உதை, பிறகு சாவி போட்டு உதையுங்கள். வலது கை சும்மா இருக்கட்டும். கிளம்பிய அரை நிமிடத்தில் சோக்கைப் பாதியாக்குங்கள், அப்புறம் முழுதாக எடுத்துவிடுங்கள். மறந்துபோய் ஓட்டினால் பொறி கொடுக்கும் பிளக்கில் கரி படியும், நாளைக் காலை இன்னும் மோசமாகும்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் பக்கம் குனிந்து சோக் கேபிள் உண்மையிலேயே அசைகிறதா என்றும் பாருங்கள். லீவர் மட்டும் அசையும் வண்டிகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. உடனே தீர்வு சொல்லவும்.

என்ன வண்டி? கார்புரேட்டரா, எஃப்ஐயா (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்)? செல்ஃப் சுற்றுகிறதா? எத்தனை கிலோமீட்டர் ஓடியது? ஜோசியருக்குக்கூடப் பிறந்த நேரம் வேண்டும். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: செல்ஃப் அமுக்கினால் 'டிக் டிக்' என்று மட்டும் கேட்கிறது. மதியம் எந்தப் பிரச்சினையும் இல்லை. பேட்டரி மாற்றி ஒரு வருடம்தான் ஆகிறது.

செல்ஃபுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலே வேலை செய்கிறது, மோட்டாரைச் சுற்றத்தான் கரண்ட் போதவில்லை. குளிரில் பேட்டரியின் வலு குறையும், அதே நேரம் ஆயிலும் கெட்டியாகி இன்ஜின் இறுகும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நல்லது, 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. செல்ஃப் அமுக்கும்போது 10க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது சார்ஜ் இல்லை. ஓடும்போது 14 வோல்ட் ஒட்டி வராவிட்டால் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை, சார்ஜிங்கைப் பாருங்கள். இதற்கெல்லாம் முன்னால் டெர்மினலில் வெள்ளைப் பூப்பு இருந்தால் துடையுங்கள், எர்த் வயரின் போல்ட்டை இறுக்குங்கள். ஐந்து விநாடிக்கு மேல் செல்ஃபை அமுக்காதீர்கள். அமுக்கினால் அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: காலையில் மட்டும் தகராறு. மெக்கானிக்கிடம் மூன்று தடவை கொண்டுபோனேன். ஒவ்வொரு தடவையும் கார்புரேட்டரை டியூன் செய்து கொடுத்தார். அன்றைக்கு நன்றாக இருக்கிறது, மறுநாள் பழைய கதை.

எத்தனை மணிக்குக் கொண்டுபோனீர்கள்? எப்படியோ கிளப்பி, நாலு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டுதானே? நோய் இருப்பது ஆறின இன்ஜினில், நீங்கள் காட்டியது சூடான இன்ஜினை. முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டு வாருங்கள், காலையில் முதல் உதையை அவரே உதைக்கட்டும். இதை எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கார்புரேட்டரை டியூன் செய்யும் அந்த ஸ்க்ரூ பாவம். ஸ்க்ரூடிரைவர் கையில் கிடைத்த எல்லோரும் அதைத்தான் திருகுகிறார்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும் ஸ்க்ரூ காற்றைக் கட்டுப்படுத்தும், இன்ஜின் பக்கம் இருப்பது பெட்ரோலை. ஒன்றை வெளியே திருகினால் பெட்ரோல் குறையும், மற்றதில் கூடும். இந்த வித்தியாசம் தெரியாமலே திருகுகிறவர்கள் உண்டு. ஐடிலை (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை) ஏற்றிவைத்து 'சரியாயிற்று' என்பது அதைவிடக் கொடுமை. அது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது மாதிரி.

நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். தொழில் பழகின புதிதில் இதே புகாரோடு ஒரு வண்டி வந்தது. ஸ்க்ரூவைத் திருகியே ஒரு வாரம் ஓட்டினேன். ஒருநாள் விடியும் முன் அரையிருட்டில் உதைக்கும்போதுதான் கண்ணில் பட்டது: பிளக் கேப்பின் விரிசலிலிருந்து நீலப்பொறி சிலிண்டர் தகட்டுக்குத் தாவிக்கொண்டிருந்தது. ராத்திரிப் பனி விரிசலில் இறங்கியிருக்கிறது. இன்ஜின் சூடானால் ஈரம் காய்ந்துவிடும், வண்டியும் யோக்கியமாகிவிடும்.

ஆகவே முதலில் பிளக். பத்து உதை உதைத்துக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: பெட்ரோல் காக் (டேங்க்கின் குழாய்), சோக், பைலட் ஜெட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சிறு துளை) அடைப்பு என்று போங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறியைப் பாருங்கள். பிளக் இடைவெளி பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீட்டர். பொறி பார்க்கும்போது பிளக்கை இன்ஜின் உலோகத்தில் அழுத்தி, பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், தீப்பிடிக்கும்.

இரண்டும் சரியென்றால் டேப்பட், அதாவது வால்வைத் தள்ளும் இடத்தில் விட்டிருக்கும் இடைவெளி. சத்தம் போடும் டேப்பட்டைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்குச் சத்தமே இல்லாத டேப்பட்தான் பயம். இடைவெளி செத்துப்போனால் வால்வு முழுதாக மூடாது, உதைக்கும் வேகத்துக்குச் சிலிண்டருக்குள் கம்ப்ரஷன் (அழுத்தம்) சேராது. அதையும் ஆறின இன்ஜினில்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: எஃப்ஐ வண்டி. சோக்கே இல்லை. குளிரில் என்ன செய்வது?

சாவி போட்டதும் 'ஊ...ம்' என்று பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடும். அது நின்ற பிறகு ஆக்சிலேட்டரைத் தொடாமல் செல்ஃப். அப்போதும் அடம்பிடித்தால் முதல் சந்தேகம் பேட்டரி, அடுத்தது டெம்பரேச்சர் சென்சார்.

கேள்வி: கெட்டியான ஆயில் இன்ஜினுக்குப் பாதுகாப்பு என்று 20W-50 ஊற்றினேன். கம்பெனி சொன்னது 10W-30.

கம்பெனி சொன்னதையே ஊற்றுங்கள். Wக்கு முன்னால் இருக்கும் எண் குளிருக்கானது. அது கூடினால் காலையில் கிக்கர் கனக்கும்.

கேள்வி: தினமும் ஷெட்டுக்குள் பத்து நிமிடம் ரேஸ் பண்ணிச் சூடாக்குகிறேன். போதுமா?

அதிகம். ஆயில் மேலே ஏறும் முன் ரேஸ் பண்ணுவது தேய்மானம். அரை நிமிடம், ஒரு நிமிடம் நிற்கவிட்டு மெதுவாக ஓட்டினால் தானே சூடாகும். மூடிய ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும்.

கேள்வி: இரண்டு மாதம் நிறுத்தி வைத்த வண்டி. பைலட் ஜெட்டை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யலாமா?

கூடாது. துளை மிக நுண்ணியது, ஊசி அதை அகலமாக்கிவிடும். கிளீனர் அடித்துக் காற்று விடுங்கள். முதலில் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரின் அடி ஸ்க்ரூவைத் திறந்து பழைய பெட்ரோலை வடியுங்கள். பாதி வண்டிகள் அதிலேயே கிளம்பிவிடும்.

கேள்வி: பிளக்கைக் கழற்றி நெருப்பில் காட்டி மாட்டினால் உடனே கிளம்புகிறது. இது சரியா?

நனைந்த பிளக் காய்ந்தால் கிளம்பத்தான் செய்யும். துணியால் துடைத்தாலும் போதும். கையில் பெட்ரோல் வாடையோடு நெருப்புப் பக்கம் போகாதீர்கள். தினமும் ஏன் நனைகிறது? சோக்கைப் பற்றியும் பொறியைப் பற்றியும் மேலே சொன்னதைப் படியுங்கள்.