கவுன்சலிங் மாணவர்களுக்கு அரசு பணம் கொடுத்தால் போதைச் சிகிச்சை எப்படி மேம்படும்?

அமெரிக்காவில் கவுன்சலிங் முதுகலை படிப்பவர்களுக்கு அரசு உதவித்தொகை தருகிறதே, அதனால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே ஒரு சமூக சிகிச்சை மையத்தில் கவுன்சலராக இருக்கிறேன். பயிற்சி மாணவர்களை மேற்பார்வை செய்வதும் என் வேலைதான். என் பதில்: பயன் நிச்சயம் உண்டு.

கவுன்சலிங் படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் கேக்ரெப் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பில் 100 மணி நேர பிராக்டிகமும் (தொடக்க நேரடிப் பயிற்சி) அதன்பின் 600 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் கட்டாயம். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. வாடகையும் குழந்தையும் உள்ள மாணவர் என்ன செய்வார்? வீட்டுக்குப் பக்கத்தில், வேலை நேரத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்துப் போவார். ஆள் பற்றாக்குறை உள்ள போதைச் சிகிச்சை மையம் அந்தப் பட்டியலிலேயே வராது. 2014 முதல் ஹர்சா என்ற மத்திய சுகாதார அமைப்பு பல்கலைக்கழகங்கள் வழியாகத் தரும் பயிற்சி மானியம் இதைத்தான் மாற்றுகிறது. முதுகலை மாணவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் 10,000 டாலர் பெரிய பணம் இல்லை. ஆனால் தூரத்து மையத்தைத் தேர்ந்தெடுக்கும் தைரியத்தை அது தருகிறது.

சரி, மாணவர் போகும் மையம் மனநலத்தையும் போதையையும் சேர்த்தே பார்க்கும் ஒருங்கிணைந்த சிகிச்சை தருவது ஏன் முக்கியம்? 2022 அமெரிக்க தேசியக் கணக்கெடுப்பின்படி மனநலப் பிரச்சினையும் போதைப் பிரச்சினையும் சேர்ந்தே உள்ள பெரியவர்கள் சுமார் 2.15 கோடி பேர். இவர்களை மனநல மையம் "முதலில் குடியை நிறுத்திவிட்டு வாங்க" என்று அனுப்பும். போதை மையமோ "முதலில் மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் நடுவில் அலைந்தே உயிரை விட்டவர்கள் உண்டு. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். ஒரே கட்டிடத்தில் ஒரே குழு இரண்டையும் பார்ப்பதுதான் சரியான வழி. ஓபியாய்டு (ஹெராயின் போன்ற அபின் வகைப் போதைப்பொருள்) பழக்கத்துக்கான புப்ரெனார்பின் மருந்தை எழுத மருத்துவர்களுக்குத் தேவைப்பட்ட தனி அனுமதி 2022 இறுதியில் நீக்கப்பட்டது. அதனால் சாதாரண குடும்ப மருத்துவரும் இப்போது அதை எழுதலாம். அப்புறம் பக்கத்து அறையில் கவுன்சலர் வேண்டாமா?

அப்படிப்பட்ட இடத்தில் பயிற்சி பெறும் மாணவர் வகுப்பில் கிடைக்காத பலவற்றைக் கற்கிறார். தூக்கம் வரவில்லை என்று வந்தவரிடம் குடியைப் பற்றி அவர் கூசாதபடி கேட்பது, மீண்டும் குடித்துவிட்டு வந்தவரை விரட்டாமல் உட்கார வைப்பது, மருந்து மாற்ற வேண்டும் என்று தோன்றினால் அதை மருத்துவரிடம் எப்படிச் சொல்வது, இதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் வரும்.

ஒரு குறை. பணம் மாணவருக்குப் போகிறது. ஆனால் வாரம் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து சொல்லித்தரும் மேற்பார்வையாளரின் நேரத்துக்குப் பல இடங்களில் யாரும் பணம் தருவதில்லை. அந்த ஒரு மணியில் மையம் ஒரு நோயாளியின் கட்டணத்தை இழக்கிறது. அதனால்தான் மாணவர் கிடைத்தும் 'எங்களால் முடியாது' என்று மையங்கள் கைவிரிக்கின்றன. மானியத்தில் ஒரு பங்கு மேற்பார்வைக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே வந்து படிக்க நினைக்கும் தமிழ் மாணவர்களுக்கு: ஹர்சா உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான், மாணவர் விசாவில் வருபவர்களுக்குக் கிடைக்காது. தகுதி உள்ளவர்கள் சேரும் முன்பே பல்கலைக்கழகத்தின் கவுன்சலிங் துறையில் கேளுங்கள்: மானியம் நடப்பில் இருக்கிறதா, பயிற்சி மையத்தில் மருத்துவர் அதே கட்டிடத்தில் இருப்பாரா, மேற்பார்வையாளருக்குப் போதைச் சிகிச்சையில் அனுபவம் உண்டா.