டயல்-அப் பிபிஎஸ்ஸுக்குச் செய்தி மாற்றும் மென்பொருளை அமைத்த பிறகு தமிழ் மட்டும் உடைந்து வருகிறதே, ஏன்?

கேட்டவரின் நிலைமை இது: வீட்டில் பழைய மோடமை வைத்து ஒரு பிபிஎஸ் (தொலைபேசி வழியாக அழைத்து உள்ளே வந்து செய்தி படிக்க, எழுத உதவும் கணினிப் பலகை) தொடங்கியிருக்கிறார். பிபிஎஸ்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் வலையமைப்பான ஃபிடோநெட்டின் முறையில் கட்டாக வரும் செய்திகளைப் பிரித்து பிபிஎஸ்ஸுக்குள் போடும் மென்பொருளையும் நிறுவிவிட்டார். ஆங்கிலச் செய்திகள் சுத்தமாக வருகின்றன. தமிழில் மட்டும் நடுநடுவே கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டங்கள்.

கீழக்கரையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன பிபிஎஸ் ஓடுகிறது. இதே சிக்கலில் நான் பத்து நாள் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். மோடம் வழியாக எதிர்முனையோடு பேசி, கோப்புகளை வாங்கி ஒரு அடைவில் வைப்பது மெயிலர். அந்தக் கோப்பு சுருக்கிய கட்டு. அதன் பின்னொட்டில் கிழமையின் முதல் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். கட்டை அவிழ்த்தால் உள்ளே பாக்கெட், பாக்கெட்டுக்குள் செய்திகள். வலையில் வந்ததைக் கரையில் கொட்டி ரகம் பிரித்துக் கூடையில் போடுகிற மாதிரி, ஒவ்வொரு செய்தியையும் அதனதன் பகுதியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது டாஸர். நீங்கள் கேட்கும் 'மாற்றும் மென்பொருள்' இதுதான். பாக்கெட் வடிவத்தில் இருப்பதை பிபிஎஸ் படிக்கிற கிடங்கு வடிவத்துக்கு மாற்றுகிறது. நம் ஆட்கள் எழுதியதைத் திரும்பப் பாக்கெட்டாகக் கட்டி வெளியே அனுப்புவதும் இதன் வேலைதான்.

செய்திகளைச் சேமித்து வைக்கும் கிடங்கு வடிவத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஹட்சன் வடிவம் வேண்டாம். 200 பகுதிக்கு மேல் அதில் இடமில்லை, மொத்த எழுத்தும் 16 மெகாபைட்டோடு நின்றுவிடும். 1993-இல் வந்த ஜாம் வடிவம் போதும். ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு கோப்பு, அவ்வளவுதான். பிபிஎஸ்ஸிலும் டாஸரிலும் ஒரே வடிவம், ஒரே பாதை, ஒரே பெயர் என்று இருக்க வேண்டும். லினக்ஸில் ஓட்டுகிறீர்கள் என்றால் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைக்கூட ஒருமுறை சரிபாருங்கள். நான் ஒரு பகுதியின் பாதையை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதிவிட்டு, செய்தி எங்கே போகிறது என்று அரை நாள் தேடினேன்.

அப்புறம் உங்கள் ஃபிடோநெட் முகவரி, மேல்முனையோடு (உங்களுக்குச் செய்திக் கட்டு தரும் பிபிஎஸ்) பேசிவைத்த பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு தப்பாக இருந்தால் பெரும்பாலான டாஸர்கள் பாக்கெட்டைத் தனியே ஒதுக்கி வைத்துவிடும். எதுவும் வரவில்லை என்று தோன்றினால் முதலில் அங்கே பாருங்கள். மெயிலர் ஒரு அழைப்பை முழுதாக முடித்த பிறகுதான் டாஸர் ஓட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் கொண்டல் காற்று அடித்தால் லைன் அடிக்கடி அறுந்துவிடும். அந்த நேரத்தில் பாதி வந்த கட்டை டாஸர் எடுத்துவிட்டால் கட்டே வீண்.

இதுவரை சொன்னது எல்லா ஊருக்கும் பொது. இனி தமிழுக்கு வருகிறேன்.

தொண்டியில் மாமா வீட்டில் இன்னும் செம்புக் கம்பித் தொலைபேசி இருக்கிறது. அங்கே ஒரு மோடமை வைத்துக் கொடுத்தேன். மாமா தினமும் காலையில் காற்று எப்படி, பாக் நீரிணைப் பக்கம் படகு போகிறதா என்று நாலு வரி எழுதுவார். முதல் நாள் 'கச்சான்' (மேற்கிலிருந்து வரும் காற்று) என்று எழுதி அனுப்பினார். என் திரையில் க, ச, ஒரு கறுப்புக் கட்டம், சா, ன, மறுபடி ஒரு கறுப்புக் கட்டம். 'இன்று கச்சான் காற்று' என்ற வரியில் புள்ளி இருந்த நான்கு இடத்திலும் கட்டம்தான். மற்ற எழுத்து எல்லாம் அப்படியே இருந்தது. காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) பார்த்துவிட்டு, "எழுத்துரு கோளாறா இருக்கும், மாத்திப் பாரு" என்றார். நானும் மூன்று எழுத்துரு மாற்றினேன். கட்டம் போகவில்லை.

கடைசியில் கோப்பை பைட் பைட்டாகத் திறந்து எண்ணினேன். யூனிகோடு எழுத்துகளை பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'கச்சான்' என்பதில் க, ச, புள்ளி, ச, கால், ன, புள்ளி என ஏழு குறிகள், ஆக 21 பைட். எனக்கு வந்து சேர்ந்தது 19. இரண்டு புள்ளியிலும் ஒவ்வொரு பைட் காணோம். புள்ளிக்கு உரிய மூன்று பைட்டும் தசம எண்ணில் 224, 175, 141. காணாமல் போனது அந்த 141.

ஏன் 141 என்று தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. கணினியில் வரி முடிவுக்கான எண் 13. அதோடு 128-ஐக் கூட்டினால் 141. அந்தக் காலத்து வேர்ட்ஸ்டார் போன்ற சொற்செயலிகள், பத்தியின் நடுவில் தாமாக வரியை மடித்த இடத்தைக் காட்ட இந்த எண்ணைப் பயன்படுத்தின. டாம் ஜென்னிங்ஸ் 1984-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஃபிடோநெட் அந்தக் காலத்தில் பிறந்தது. அதனால் அதன் அடிப்படை விதியான எஃப்டிஎஸ்-0001, செய்தியில் 141 வந்தால் அதை மென் வரிமுடிவு என்று எடுத்துக்கொண்டு கண்டுகொள்ளாமல் விடச் சொல்கிறது. டாஸர் விதிப்படிதான் நடந்திருக்கிறது. தமிழ்க் குறிகளில் 141 என்ற பைட் வருவது புள்ளியில் மட்டும்தான். உயிர், அகர வரிசை, கால், கொம்பு எதிலும் அது கிடையாது. அதனால்தான் மற்றதெல்லாம் பிழைத்தது, மெய்யெழுத்து மட்டும் செத்தது.

இது நமக்கு மட்டும் வந்த வினையும் இல்லை. ரஷ்யர்களின் 866 என்ற குறிப்பக்கத்தில் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியல்) 141-ஆம் எண் அவர்களுடைய பெரிய 'என்' எழுத்து. அதுவும் இப்படியே விழுந்துகொண்டிருந்தது. அந்த எழுத்து பார்ப்பதற்கு ஆங்கிலப் பெரிய 'எச்' மாதிரியே இருப்பதால், அவர்கள் ஆங்கில எழுத்தையே போட்டுச் சமாளித்தார்கள். நம் புள்ளிக்குப் பதிலாகப் போட வேறு எதுவும் இல்லை. அதை விட்டுக்கொடுக்கவும் முடியாது. விட்டால் 'பட்டம்' 'படடம' ஆகிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது: உங்கள் டாஸரின் அமைப்புகளில் மென் வரிமுடிவை நீக்கும் தேர்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அதை அணையுங்கள். சின்க்ரோநெட் என்ற பிபிஎஸ் மென்பொருளோடு வரும் டாஸரான எஸ்பிபிஎஸ்எக்கோவில் இப்படி ஒரு தேர்வு உண்டு. செய்தியைப் படிக்கும் எடிட்டரிலும் தனியாகப் பாருங்கள். கோல்டெட் போன்றவற்றில் மென் வரிமுடிவைச் சாதாரண எழுத்தாகக் காட்டச் சொல்ல முடியும். டாஸரில் சரி செய்துவிட்டு எடிட்டரில் விட்டுவிட்டால் அதே கட்டம் திரும்ப வரும். கிடங்கில் சரியாக இருக்கிறது, திரையில்தான் உடைகிறது என்று தெரியாமல் மறுபடி டாஸரைக் குடைந்துகொண்டு இருப்பீர்கள். அப்புறம் ஒவ்வொரு செய்தியின் தலையிலும் யூடிஎஃப்-8 என்று சொல்லும் குறியீட்டு வரி போகிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் எதிர்முனை அதைப் பழைய டாஸ் (DOS) குறிப்பக்கம் என்று நினைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஆல்பாவை (α) காட்டும்.

தலைப்பின் நீளமும் கவனிக்க வேண்டியது. ஃபிடோ பாக்கெட்டில் தலைப்புக்கு 71 பைட், பெயருக்கு 35. தமிழில் தலைப்பு 23 குறிதான், அதற்கு மேல் வெட்டு. ஆஃப்லைனில் படிக்க க்யூடபிள்யூகே கட்டும் தருகிறீர்கள் என்றால் இன்னும் நெருக்கம்: தலைப்புக்கு 25 பைட் மட்டும். எங்கள் மாவட்டத்தின் பெயரே அதில் அடங்காது. 'இராமநாதபுரம்' 36 பைட். 'இராமநாதப' வரை வந்து, வால் போல ஒரு அரைகுறை பைட் ஒட்டிக்கொண்டிருக்கும். தலைப்பை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு செய்தியைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். க்யூடபிள்யூகே வரி முடிவுக்கு 227-ஐப் பயன்படுத்துகிறது. யூடிஎஃப்-8 தமிழில் அந்த பைட் வருவதில்லை, தப்பித்தோம். ஆனால் பழைய திஸ்கி (யூனிகோடு பரவுமுன் புழங்கிய தமிழ்க் குறியீடு) கோப்பு ஏதாவது கையில் இருந்தால் அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள். திஸ்கியில் 227 ஒரு உயிர்மெய்.

மோடம் பற்றி இரண்டு வார்த்தை. வீட்டுக்குள்ளேயே இன்டர்காம் பெட்டியை வைத்துச் சோதித்தால் மோடம் டயல் டோன் இல்லை என்று நின்றுவிடும். மோடமுக்கு ஏடிஎக்ஸ்3 (ATX3) என்ற கட்டளையைக் கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் அழைக்கும். பிபிஎஸ்ஸை அழைக்கும் டெர்மினல் மென்பொருள் எட்டு பிட்டில் இருக்க வேண்டும். ஏழு பிட்டில் இருந்தால் தமிழ் ஒரு எழுத்துகூடத் தேறாது. கடலோரத்தில் இருப்பவர் என்றால் லைன் செருகியைக் கழற்றி உள்ளே இருக்கும் பித்தளைக் காலைப் பாருங்கள். எங்கள் வீட்டில் உப்புக் காற்றில் ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிட்டது, இணைப்பு வேகம் பாதியாக விழுந்தது. புதுச் செருகி மாட்டிய அன்றே பழைய வேகம் திரும்பியது.

எல்லாம் முடித்த பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். 'கச்சான்' என்ற ஒரே சொல்லைச் செய்தியாக எழுதி மேல்முனைக்கு அனுப்பி, அங்கிருந்து அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். திரையைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், வந்த சொல்லின் பைட்டை எண்ணுங்கள். 21 இருந்தால் போதும். 19 வந்தால் இரண்டு முனையில் ஏதோ ஒன்றில் அந்தத் தேர்வு இன்னும் அணையவில்லை. எங்களுக்கு அது தொண்டிப் பக்கம் இருந்தது.