ஃபிளைட் சிமுலேட்டருக்கும் அலுவலக வேலைக்கும் ஒரே வளைந்த மானிட்டர்: 32, 34, 49 இன்ச்சில் எது?

விளையாட்டுக்கும் வேலைக்கும் சேர்த்து ஒரே வளைந்த மானிட்டர் எந்த அளவில் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்திருக்கும் விவரங்கள்: பெங்களூரில் வாடகை வீடு, இரண்டடி ஆழமுள்ள மேசை, ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு. பகலில் எக்செலும் வீடியோ மீட்டிங்கும், ராத்திரியில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் என்ற விமானம் ஓட்டும் விளையாட்டு. இதற்கு என் பதில் 34 இன்ச், 3440×1440 பிக்சல், வளைவு 1500ஆர் அல்லது 1800ஆர். 49 வேண்டாம். 32 இன்ச் மேல் உங்களுக்கு ஒரு கண் இருப்பது புரிகிறது, அது நியாயமான ஆசைதான். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் வளைவு. 1800ஆர் என்றால் 1800 மில்லிமீட்டர், அதாவது 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. எண் குறையக் குறைய வளைவு கூடும். பெங்களூரின் கணினிச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடைக்குப் போனாலும் "கர்வ் சார், கேமிங்குக்கு அதுதான்" என்று ஒரு 27 இன்ச்சைத் தூக்கிக் காட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 27 இன்ச் திரையின் அகலம் சுமார் 60 செ.மீ. அதில் 1800ஆர் வளைவு என்றால் நடுப்பகுதியைவிட ஓரங்கள் இரண்டரை சென்டிமீட்டர்தான் முன்னால் வரும். உட்கார்ந்து இரண்டு நாள் ஆனால் அது வளைந்த திரை என்பதே மறந்துபோகும். 34 இன்ச் அல்ட்ராவைடின் (21:9 விகிதத்தில் நீண்ட திரை) அகலம் சுமார் 80 செ.மீ. அதில் 1800ஆர் போட்டால் ஓரம் நாலரை செ.மீ. முன்னால் வரும், 1500ஆரில் ஐந்து செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், 1000ஆரில் எட்டு. 49 இன்ச்சில் அகலம் 120 செ.மீ.யைத் தொடுகிறது, அங்கே 1000ஆர் என்றால் ஓரம் 18 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்.

இதனால் என்ன பயன்? தட்டையான 34 இன்ச்சை 65 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்த்தால் நடுப்பகுதியைவிட ஓரங்கள் கண்ணுக்குப் பத்து செ.மீ.க்கு மேல் தள்ளி இருக்கும். 1500ஆரில் அந்த வித்தியாசம் ஆறு, ஏழு செ.மீ.யாகச் சுருங்கும். கூடவே ஓரங்களை நீங்கள் சாய்வாகப் பார்ப்பதும் குறையும். சாய்வாகப் பார்த்தால் நிறம் வெளுக்கும் விஏ வகைத் திரைப் பேனல்களுக்கு இது பெரிய உதவி. வளைவின் வேலை அவ்வளவுதான். உங்களைக் காக்பிட்டுக்குள் உட்கார வைக்கிறது என்பதெல்லாம் விளம்பரக்காரர்கள் பேச்சு. சிமுலேட்டர் தன் படத்தைத் தட்டையான திரைக்கென்றே கணக்குப் போட்டு வரைகிறது. திரை வளைந்திருப்பது அதற்குத் தெரியாது.

49 வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் இதுதான். பார்வைக் கோணம் அகலமாக ஆக, படத்தின் ஓரங்கள் இழுபடும். இடது ஓரத்தில் தெரியும் இறக்கை இயல்பைவிட நீளமாகத் தெரியும், ஓடுதளத்தின் பக்கவாட்டு விளக்குகள் விரைந்து விரிந்து ஓடும். 34இல் இது கண்ணை உறுத்தாது, 49இல் உறுத்தும். இன்னொரு காரணம் உங்கள் கார்டு. 3440×1440 என்றால் கிட்டத்தட்ட 50 லட்சம் பிக்சல், 49இன் 5120×1440 என்றால் 74 லட்சம், 4கே என்றால் 83 லட்சம். 8 ஜிபி நினைவகம் கொண்ட 4060ஐ வைத்துக்கொண்டு கடைசி இரண்டையும் சிமுலேட்டரில் ஓட்டுவது பாவம். எடை, மேசை நீளம், அப்புறம் வீடு மாறும்போது அந்த அட்டைப்பெட்டியை மூன்றாவது மாடிக்கு ஏற்றுவது, இதெல்லாம் நீங்களே யோசித்திருப்பீர்கள்.

இப்போது 32. இதில் இரண்டு வகை உண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கும் வளைந்த 32 பெரும்பாலும் 2560×1440. அதில் ஒரு இன்ச்சுக்கு 92 பிக்சல்தான் வரும், எக்செல் எழுத்து ஓரம் பிசிறடிக்கும். 34 அல்ட்ராவைடில் அது 110, நாள் முழுக்கப் படிக்க அதுவே மேல். இன்னொரு வகை தட்டையான 32 இன்ச் 4கே. இதில் எழுத்து அச்சடித்ததுபோல் நிற்கும். சிமுலேட்டர் ஆட்கள் அதிகம் பேசாத ஒரு வசதியும் இதில் உண்டு: உயரம். 34 அல்ட்ராவைடின் உயரம் சுமார் 33 செ.மீ., அதாவது சாதாரண 27 இன்ச்சின் உயரமேதான். 32இன் உயரம் 40 செ.மீ. தரையிறங்கும்போது மேலே ஓடுதளமும் கீழே வேகமானியும் உயரமானியும் ஒரே பார்வையில் வேண்டும், அந்த ஏழு செ.மீ. அப்போது கைகொடுக்கும். உங்களிடம் 12 ஜிபி, 16 ஜிபி கார்டு இருந்து, ஓட்டுவதும் ஏர்பஸ் மாதிரிப் பெரிய விமானங்களாகவே இருந்தால், வளைவை மறந்துவிட்டு 32 4கே வாங்குங்கள் என்றே சொல்லியிருப்பேன். கார்டு 4060 என்பதால்தான் என் கை 34 பக்கம் போகிறது.

பக்கவாட்டில் பார்க்க அகலமான திரை வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். சின்ன விமானமான செஸ்னா 172இல் பெங்களூரின் ஜக்கூர் விமானத் தளத்திலிருந்து கிளம்பி, ஓடுதளத்தைச் சுற்றி ஒரு வட்டம் (சர்க்யூட்) அடித்து அங்கேயே இறங்கிப் பாருங்கள். ஓடுதளத்துக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்ட் கட்டத்தில் ஓடுதளம் உங்கள் தோளுக்கு நேர் இடப்பக்கம், 90 டிகிரியில் இருக்கும். இறங்குவதற்காக ஓடுதளத்தின் பக்கம் வளையும் பேஸ் கட்டத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் ஓடுதளத்தின் முனை இன்னும் 45 டிகிரி பின்னால் போயிருக்கும். ஆக 135 டிகிரி. 65 செ.மீ. தூரத்தில் 34 இன்ச் திரை உங்கள் கண்ணில் அடைப்பது சுமார் 65 டிகிரி, நடுவிலிருந்து பக்கத்துக்கு முப்பத்துச் சொச்சம். 49ஐ வாங்கினாலும் அந்த ஓடுதளம் திரைக்குள் வராது. அதற்கு ஒரே வழி தலை அசைவைப் பிடித்துக் காட்சியைத் திருப்பும் ஏற்பாடு. டிராக்ஐஆர் காசு கொடுத்து வாங்குவது. ஓப்பன்ட்ராக் இலவசம், சாதாரண வெப்கேமிலேயே ஓடும். தலையைப் பத்து டிகிரி திருப்பினால் காக்பிட்டில் ஐம்பது டிகிரி திரும்பும்படி அமைத்துக்கொள்ளலாம், அதனால் கண் திரையை விட்டு நகராது. மானிட்டர் வாங்கும் முன் இப்போது உங்களிடம் இருக்கும் திரையிலேயே இதை நிறுவி ஒரு வாரம் பறந்து பாருங்கள். அகலத்தின் மேல் உள்ள ஆசை பாதி அங்கேயே அடங்கலாம்.

பேனல் விஷயம். விஏவில் கருப்பு நல்ல கருப்பாக இருக்கும், மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) பொதுவாக 3000:1 அளவில். இன்னொரு வகைப் பேனலான ஐபிஎஸ்ஸில் அது சாதாரணமாக 1000:1தான், இரவுப் பறப்பில் மூலைகள் சாம்பலாக மினுங்கும். ஆனால் மலிவான விஏவில் கருமையிலிருந்து வெளிச்சத்துக்கு மாறுவது மெதுவாக நடக்கும். ராத்திரியில் பெங்களூரின் கெம்பேகவுடா விமான நிலையத்தை நெருங்கும்போது தலையைத் திருப்பினால் விளக்குகளைச் சுற்றியுள்ள இருட்டு கோடுபோட்டு இழுக்கும். இரண்டில் எது உறுத்தும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பகலில் எட்டு மணி நேரம் வெள்ளைப் பின்னணியில் வேலை பார்ப்பவர் என்பதால், விலை இடித்தாலும் நான் ஐபிஎஸ் பக்கமே சாய்வேன். ஓஎல்இடி சிமுலேட்டருக்குக் கண்கொள்ளாக் காட்சி, மறுப்பதற்கில்லை. ஆனால் டாஸ்க்பாரும் எக்செல் கட்டங்களும் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் நாளடைவில் தடம் பதியும் அபாயம் உண்டு. க்யூடி-ஓஎல்இடி வகையில் துணைப்பிக்சல்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தால் எழுத்தின் ஓரத்தில் லேசாக நிறமும் கசியும். உங்கள் உபயோகத்துக்கு வேண்டாம்.

ரிஃப்ரெஷ் ரேட்டுக்காக (திரை ஒரு நொடியில் எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பது) கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 4060இல் இந்தத் தெளிவில் சிமுலேட்டர் பெரிய விமான நிலையங்களில் 30, 40 ஃபிரேம் பக்கம் தள்ளாடும், பல நேரம் முட்டுக்கட்டை பிராசஸராகவே இருக்கும். பல மானிட்டர்களில், கார்டின் வேகத்தோடு திரையை ஒத்துப்போகச் செய்யும் ஃப்ரீசிங்க் வசதி 48 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஃபிரேம்களை இரட்டித்துச் சமாளிக்கும், சில விஏக்களில் அந்த இடத்தில்தான் திரை மினுக்கும். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஃபிரேமை 40இல் பூட்டிவிட்டால், ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக மூன்று துடிப்புக்கு நிற்கும், ஓட்டம் சீராக இருக்கும். குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் வசதியைப் போட்டால் ஃபிரேம் கூடும், ஆனால் காக்பிட் திரையில் ஓடும் உயர எண்கள் பின்னால் நிழல் இழுக்கும்.

மேசை இரண்டடி என்றால் 61 செ.மீ. அல்ட்ராவைடோடு வரும் வி வடிவக் கால் அதில் நல்ல பங்கைத் தின்றுவிடும். முன் விளிம்பில் யோக்கை (விமானத்தின் ஸ்டியரிங் போன்ற கருவி) மாட்டினால் கீபோர்டுக்கு இடம் இருக்காது. அதனால் மானிட்டர் ஆர்ம் ஒன்றைச் செலவோடு சேர்த்தே கணக்கிடுங்கள். திரையின் எடையை அது தாங்குமா, பின்னால் ஆர்மைத் திருகுவதற்கான 100×100 வேசா துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் சுவரில் துளையிட விடமாட்டார், மேசையில் கவ்விக்கொள்ளும் வகையே போதும்.

வேலைக்கு: விண்டோஸ் 11இல் மூன்று பத்தியாக ஜன்னல்களை ஒட்டவைக்கலாம், மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் மென்பொருளில் உள்ள ஃபேன்சிஜோன்ஸ் இன்னும் வசதி. மீட்டிங்கில் முழுத் திரையைப் பகிராதீர்கள். 21:9 படம் எதிரில் இருப்பவரின் சின்ன லேப்டாப்பில் பட்டையாகச் சுருங்கி, "எழுத்து தெரியல, ஜூம் பண்ணுங்க" என்று ஆரம்பிப்பார்கள். ஒரு ஜன்னலை மட்டும் பகிருங்கள். அலுவலக லேப்டாப்பும் சொந்த பிசியும் ஒரே திரையில் என்றால், யூஎஸ்பி-சியில் சார்ஜும் படமும் சேர்ந்து வருவதும், கீபோர்டை இரண்டுக்கும் மாற்றிவிடும் கேவிஎம் வசதியும் கூடுதல் விலைக்கு உண்மையிலேயே தகும். பிசியை டிஸ்பிளேபோர்ட்டில் இணையுங்கள். பழைய ஹெச்டிஎம்ஐ கேபிளில் முழு வேகம் வராது.

வாங்கும் இடம். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 18 ஆகிவிட்டது, ஆகவே பழைய விலைப் பட்டியலை வைத்துப் பேரம் பேசாதீர்கள். எஸ்.பி. ரோட்டில் வாங்கினால் கடையிலேயே ஆன் செய்யச் சொல்லுங்கள். முழுக் கருப்புப் படம் ஒன்று, முழுச் சாம்பல் ஒன்று பென்டிரைவில் கொண்டுபோய், கருப்பில் மூலைகளின் வெளிச்சக் கசிவையும், சாம்பலில் செத்த பிக்சலையும் பாருங்கள். ஆன்லைனில் என்றால், எத்தனை பிக்சல் செத்தால் மாற்றித் தருவார்கள் என்ற விதியை ஆர்டர் போடுவதற்கு முன் படித்துவிடுங்கள், பல கம்பெனிகள் ஒன்றிரண்டுக்கு மாற்றுவதில்லை.