வடிகட்டியைக் கடந்து வரும் மாசு

கேள்வி: சிப் தயாரிக்கும் தூய்மை அறைகளில் காற்றை இடைவிடாமல் வடிகட்டியபடியே இருக்கிறார்கள். அப்படியிருந்தும் மாசு புகுந்துவிடுகிறது என்கிறார்களே, எப்படி?
– கல்லூரி மாணவி, ஓசூர்

பதில்: மாசு என்றதும் தூசியை மட்டுமே நினைப்பதால் எழும் ஐயம் இது. தூசியை அடக்குவதில், நுண்ணிழைகளால் ஆன ஹெப்பா வடிகட்டி வல்லது: 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள்களில் குறைந்தது 99.97 விழுக்காட்டை அது பிடித்துவிடும்; அதைவிட நுண்ணிய துகள்கள் காற்று மூலக்கூறுகளால் மோதப்பட்டு அலைவதால் இழைகளில் இன்னும் எளிதாகவே சிக்கிக்கொள்ளும். பன்னாட்டுத் தூய்மைத் தரவரிசையான ஐஎஸ்ஓவின் 5ஆம் வகுப்பு அறையில், ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-ஐத் தாண்டக் கூடாது. உள்ளே வேலை செய்பவரின் தோலும் உடையும் ஓயாமல் துகள்களை உதிர்ப்பதால்தான் தலை முதல் கால் வரை மூடிய அங்கி கட்டாயமாகிறது.

வாயுவின் கதை வேறு. அமோனியா மூலக்கூறு இழைகளுக்கு இடையே தடையின்றிக் கடந்துவிடும். சிப்பின் கோடுகளை வரைய உதவும் ஒளியுணர் பூச்சில், ஆழ்ந்த புறஊதா ஒளி பட்ட இடத்தில் அமிலம் உருவாகி, அந்த அமிலமே பூச்சைக் கரையத்தக்கதாக மாற்றுகிறது. நூறு கோடியில் சில பங்கு அமோனியா காற்றில் இருந்தாலே மேற்பரப்பிலுள்ள அமிலம் செயலிழந்து, கரைய வேண்டிய மேலடுக்கு கரையாமல் தங்கி, கோடுகள் காளானைப் போலத் தலை விரிந்து நிற்கும். கான்கிரீட், வண்ணப்பூச்சு, துப்புரவுத் திரவம், மனித உடல் என எதிலிருந்தும் இந்த வாயு வரலாம் என்பதே என்னை மிகவும் கவலைப்படுத்துவது. இதற்கென வேதி வடிகட்டிகளைத் தனியே பொருத்த வேண்டும்.

வியர்வையிலுள்ள சோடியமும் இப்படித் தொல்லை தரும் ஒரு வேதி மாசுதான். சிப்பிலுள்ள நுண் மின்விசையான டிரான்சிஸ்டரின் ஆக்சைடு படலத்துக்குள் (மின்காப்பு அடுக்கு) சோடியத்தின் அயனிகள் (மின்னூட்டமுள்ள அணுக்கள்) நகர்ந்து, டிரான்சிஸ்டர் இயங்கத் தொடங்கும் மின்னழுத்தத்தையே மாற்றிவிடும். 1960களில் இத்துறையைப் பெரிதும் அலைக்கழித்த சிக்கல் இது.

கேள்வி: அத்தகைய அறைகளில் நுண்ணுயிர்கள் வாழ முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: சில வாழ்கின்றன. அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்திலும் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலும், விண்கலங்களை ஒருங்கிணைக்கும் தூய்மை அறைகளில் ஒரே புதிய பாக்டீரியா கண்டெடுக்கப்பட்டு, 2013இல் தெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ் எனப் பெயரிடப்பட்டது. உணவு அரிதான சூழலைத் தாங்கும் உயிர் அது. போட்டியிடும் மற்ற உயிர்களைக் கிருமிநாசினி அழித்துவிடுவதும் அதற்கு உதவியாகிறது.