கேடோ ஏரிக்கு ஒரு நடை போய் வாருங்கள், தம்பி

டல்லாஸ் வந்து நாலு மாதமாகிறது, சனி ஞாயிறு என்றால் காஸ்ட்கோ கடையும் கோயிலும்தான், 'ஸ்டேட் பார்க்' என்கிறார்களே, மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் பட்டிக்காட்டுக்குப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். வந்த புதிதில் எனக்கும் அதே எண்ணம்தான், தம்பி. பார்க் என்றால் ஊஞ்சலும் சறுக்குமரமும் என்று நினைத்து, ஆகஸ்ட் வெயிலில் புளியோதரை கட்டிக்கொண்டு, டெக்சஸின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் கேடோ ஏரி ஸ்டேட் பார்க்குக்குப் போனோம். கொசு பிடுங்கியெடுத்தது. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டோம்.

அடுத்த தடவை நவம்பரில் போய்ப் படகு ஏறினோம். அப்போதுதான் அது என்ன இடம் என்று தெரிந்தது.

தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன சைப்ரஸ் மரங்கள். ஊசியிலை மரம்தான், ஆனால் குளிருக்கு முன்னால் செங்கல் நிறமாகி இலை கொட்டும். அடிமரம் வீங்கி, சுற்றிலும் வேர் முண்டுமுண்டாக மேலே வரும். 'முழங்கால்' என்றே சொல்கிறார்கள். கிளையெல்லாம் சாம்பல் தாடி தொங்கும். பெயர் ஸ்பானிஷ் மாஸ். ஆனால் அது பாசியும் இல்லை, ஸ்பெயினிலிருந்து வந்ததும் இல்லை. அன்னாசிப்பழத்துக்குச் சொந்தக்காரச் செடி!

ஏரியின் கதை இன்னும் சுவாரசியம். ரெட் ரிவர் என்ற ஆற்றில் விழுந்த மரங்கள் நூறு மைலுக்கு மேல் அடைத்துக்கொண்டு கிடந்தன. அதனால் தேங்கிய தண்ணீர்தான் இந்த ஏரி என்கிறார்கள். நிலநடுக்கத்தில் பிறந்தது என்பது கேடோ பழங்குடிகளின் கதை. அந்தத் தண்ணீர் புண்ணியத்தில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து நீராவிக் கப்பல்கள் பக்கத்து ஊர் ஜெஃபர்சன் வரை வந்தன. பெரிய துறைமுகம் அது. 1873இல் அடைப்பை வெடிவைத்து எடுத்தார்கள். ஏரி வற்றியது, ஊர் படுத்துவிட்டது. 1914இல் அணை கட்டித்தான் தண்ணீரை மறுபடி நிறுத்தினார்கள்.

'டெக்சஸ்' என்ற பெயரே கேடோ மொழியில் நண்பரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அந்த நண்பர்களையே 1859இல் ஓக்லஹோமாவுக்குத் துரத்திவிட்டார்கள். இங்கே சரித்திரமே கிடையாது என்று நம்மாட்கள் சொல்லும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

பார்க்கைக் கட்டியது 1930களின் பொருளாதார மந்த காலத்தில் அரசாங்கம் வேலைக்கு எடுத்த இளைஞர்கள். அவர்கள் கைபட்ட கேபின்களில் இன்றும் தங்கலாம்.

படகுக்காரர் ஓரிடத்தில் மோட்டாரை நிறுத்தி, ஒரு கொத்துச் செடியை அள்ளிக் காட்டினார். இலைமேல் பூனைமயிர் மாதிரி இருந்தது. தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடியது. கேரளத்து வயல்களை மூடிய ஆப்பிரிக்கன் பாயல் என்ற மிதக்கும் களைதான்! வாக்கான பருவத்தில் ஒரே வாரத்தில் இரட்டிப்பாகிவிடுமாம். அதைத் தின்ன ஒரு வண்டை வளர்த்து விடுகிறார்கள்.

சரி, போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது. வருட பாஸ் எடுத்தால் காரில் வருகிறவர்களுக்கும் சேர்த்து எல்லா டெக்சஸ் ஸ்டேட் பார்க்கிலும் நுழைவுக் கட்டணம் இல்லை. பார்க் கரையிலிருந்து மீன்பிடிக்க லைசென்ஸ் வேண்டாம். முதலை உண்டு, குழந்தையைத் தண்ணீரோரம் விடாதீர்கள். நவம்பர் கேபின் வேண்டுமென்றால் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். புளியோதரையும் கட்டிக்கொள்ளுங்கள், உள்ளே சாப்பாட்டுக் கடை கிடையாது.