பாத்ரூம் கழுவினால் மகளுக்கு இருமல்: வீட்டிலேயே கிளீனர் தயாரிக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. வீசிங் இருக்கிறது, இன்ஹேலர் எடுக்கிறாள். பாத்ரூம் கழுவுகிற நாளில் அவளுக்கு இருமல் வந்துவிடுகிறது. கடையில் வாங்குகிற கெமிக்கல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வினிகர், எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா மூன்றையும் கலந்து நானே தயாரிக்கலாம் என்றிருக்கிறேன். கிருமியும் சாக வேண்டும் என்பதால் அதில் கொஞ்சம் பிளீச் சேர்க்கலாமா?

பதில்: பிளீச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் இதைப் படிப்பதற்குள் கலந்துவிடக் கூடாதே என்றுதான் எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். வினிகர், எலுமிச்சைச் சாறு, டாய்லெட் கழுவும் ஆசிட் என்று புளிப்பான எது அதோடு சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். 1915-இல் முதல் உலகப் போரில் எதிரிகள் மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு பிளீச் சேர்ந்தால் வருவது குளோரமைன், அதுவும் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். நான் பார்த்த ஓர் அம்மா, கறை போகவில்லையே என்று, ஆசிட் ஊற்றிய தரை காய்வதற்குள் பிளீச்சையும் ஊற்றி, கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து தேய்த்திருக்கிறார். என்னிடம் வரும்போது கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து, ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்கினார். அவருக்கு அதுவரை ஆஸ்துமா என்பதே கிடையாது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே வீசிங் உள்ள குழந்தை இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். வீட்டிலேயே தயாரிக்கலாமா என்றால், தாராளமாகத் தயாரிக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் ஊற்றிக் கலக்குவதில் பலன் இல்லை. வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்தால் நுரை பொங்குகிறதே, அதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நினைக்கிறோம். அந்த நுரை வெறும் கரியமில வாயு. ஒன்று அமிலம், மற்றது காரம், இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். அதை மூடி போட்டு இறுக்கி வைத்தால் பாட்டில் வெடித்துக் கண்ணில் தெறிக்கலாம்.

அன்றாடத் துடைப்புக்கு உங்களுக்கு வேண்டியது சோப்புத் தண்ணீர் மட்டுமே. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில், மணம் சேர்க்காத பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூன், போதும். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்து எடுக்கும், கிருமிகளையும் அதோடு வழித்துக்கொண்டு போகும், கொழுப்பு உறை போர்த்திய வைரஸ்களின் உறையையே உடைத்துவிடும். தரை, சமையல் மேடை, வாஷ்பேசின், கதவுக் கைப்பிடி என்று வீட்டு வேலையில் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடும்.

உப்புத் தண்ணீர் படிந்து வெள்ளை வெள்ளையாகப் பிடித்துப்போன குழாய்க்கு வினிகர் நல்லது. ஒரு துணியை வினிகரில் நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். துணியை எடுக்கும்போதே படிவு ஈர மாவு போல இளகியிருக்கும், பழைய பல் துலக்கும் பிரஷால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் அடியில் இருக்கும் பளபளப்பு தெரியும். மார்பிள் மேல் மட்டும் படவிடாதீர்கள், கல்லை அரித்துவிடும். வினிகரின் நெடியே சில குழந்தைகளுக்கு இருமலைக் கிளப்பும், பாப்பாவுக்கு அப்படி இருந்தால் அவள் பள்ளிக்குப் போன நேரத்தில் செய்யுங்கள். தேய்த்து எடுக்க வேண்டிய கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துக்கொள்ளலாம். சலவை சோடாவை அதற்குப் பதில் போடாதீர்கள், பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது பல மடங்கு காரம், கையுறை இல்லாமல் தொட்டால் தோல் எரிச்சல் எடுக்கலாம்.

பழத்தோலையும் சர்க்கரையையும் தண்ணீரில் போட்டு மூன்று மாதம் புளிக்க வைக்கும் பயோ என்சைமைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். லேசான அமிலம் அது, துடைப்பதற்குப் பயன்படும், ஆனால் கிருமிநாசினி என்று நம்பாதீர்கள். புளிக்கும்போது வாயு சேரும் என்பதால் கண்ணாடி ஜாடியில் இறுக்கி மூடக் கூடாது. அதுவும் அமிலம்தான், ஆகவே பிளீச் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

வாசனைக்காக டீ ட்ரீ, யூகலிப்டஸ், லெமன் எண்ணெய்களைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்வார்கள். உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். இயற்கை எண்ணெய் என்றாலும் மூச்சுக்குழாய்க்கு அது நெடிதான், குழந்தை கொஞ்சம் விழுங்கினால் வலிப்பு வரை போகலாம். போராக்ஸும் அப்படித்தான், இயற்கைத் தாது என்று சொல்லி விற்கிறார்கள், ஆனால் விழுங்கினால் நஞ்சு.

இன்னொன்று, ஸ்ப்ரே. எதைத் தயாரித்தாலும் காற்றில் பீய்ச்சாதீர்கள். நுண்ணிய துளிகள் வெகுநேரம் மிதக்கும், துடைத்தவரும் பக்கத்தில் நிற்கிற குழந்தையும் அதைத்தான் சுவாசிப்பார்கள். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,000-க்கும் மேற்பட்டவர்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டிலோ வேலையாகவோ சுத்தம் செய்கிற பெண்களுக்கு, அந்த வேலை செய்யாத பெண்களைவிட நுரையீரல் திறன் சற்று வேகமாகக் குறைந்திருந்தது. பாப்பாவின் நுரையீரலைப் பற்றிக் கேட்டீர்கள், தினமும் குனிந்து துடைக்கிற உங்கள் நுரையீரலைப் பற்றியும் எனக்குக் கவலை இருக்கிறது. திரவத்தைத் துணியில் ஊற்றித் துடையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கிருமியைக் கொன்றே ஆக வேண்டிய நாளும் உண்டு. வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து தரையில் பட்டால் வினிகர் உதவாது. அங்கே பிளீச்தான், தனியாக, தண்ணீரோடு மட்டும். 5 சதவீத பிளீச் என்றால் ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீருக்குக் குறைந்தது 20 மில்லி. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுத்து நன்றாகக் கழுவிவிட்டு, அப்புறம் இதை ஊற்றி, லேபிளில் போட்டிருக்கும் நேரம் ஈரமாகவே விட்டுக் கழுவ வேண்டும். அன்றன்றைக்குக் கலந்தால்தான் வேலை செய்யும். பாப்பா அப்போது வேறு அறையில் இருக்கட்டும். சின்ன இடங்களுக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிச் சில நிமிடம் விட்டுத் துடைக்கலாம், நெடி குறைவு, ஆனால் அதையும் வினிகரோடு கலக்கக் கூடாது.

தயாரித்ததைப் பழைய குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், தயவுசெய்து. விளையாடிவிட்டு ஓடிவருகிற குழந்தைக்கு அது தண்ணீராகத்தான் தெரியும். பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, எட்டாத உயரத்தில் வையுங்கள். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள். கண்ணில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். பாத்ரூம் கழுவாத நாளிலும் அவள் இருமுகிறாளா? இரவில் எழுந்து இருமுகிறாளா? மூச்சு முட்டும்போது கொடுக்கிற இன்ஹேலர் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்படுகிறதா? இதில் ஒன்றுக்காவது ஆமாம் என்றால் கிளீனரை மாற்றுவது மட்டும் போதாது. வீசிங் முழுக் கட்டுப்பாட்டில் இல்லாமல் இருக்கலாம், அவளுடைய மருத்துவர் தினசரி மருந்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். போகும்போது இன்ஹேலரை எடுத்துப் போங்கள், அவளையே ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.